வால் முளைத்த சிவப்புப் புள்ளி

"சிவப்புப் புள்ளி வட்டமாக இல்லை" என்று யாராவது வந்து நின்றால், முதலில் ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதீர்கள். வந்தவருடைய வயதைப் பாருங்கள். ஷார்ஜாவில் நான் வேலை பார்த்த துப்பாக்கி சுடும் கிளப்பிலிருந்து போன மாதம் ஒருவர் வாட்ஸ்அப்பில் சந்தேகம் கேட்டபோது இப்படித்தான் பதில் அனுப்பினேன். அவர் கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மை ஒன்றைத் திருப்பி அனுப்பினார். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அந்த ஆயுத அறையில் இந்த ஒரு விஷயத்துக்காக ஒரு மனிதருக்கு வேலை போனது. போகவேண்டியது என்னுடைய வேலை. அதைச் சொல்லிவிட்டால் யாரும் பொம்மை அனுப்பமாட்டார்கள் என்று நினைத்து எழுதுகிறேன்.

நான் தூத்துக்குடிக்காரன். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்து, ஷார்ஜாவில் ஒரு லேத் பட்டறைக்கு வந்து, அங்கிருந்து இந்தக் கிளப்புக்குள் நுழைந்தேன். அதுவரை துப்பாக்கியை மாதா கோயில் திருவிழாவில் பலூன் சுடுகிற கடையில்தான் கையில் பிடித்திருக்கிறேன். நேர்காணலில் அதைச் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. பிறகு பயிற்சி, போலீஸ் சான்றிதழ், கைரேகை என்று எல்லாம் முடிந்து, துப்பாக்கிகளைக் கழற்றி, துடைத்து, பழுது பார்த்துப் பூட்டிவைக்கிற ஆயுத அறையில் ஒரு மேசை கிடைத்தது. ஜன்னல் கிடையாது. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும், உள்ளே ஏ.சி.யில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

அறைக்குப் பொறுப்பாளர் கோவிந்தராஜ். வேலூர்ப் பக்கத்துக்காரர். இந்திய ராணுவத்தில் ஆயுதம் பழுது பார்க்கிற பிரிவில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். அறையில் எங்களோடு வேலை பார்த்த பாகிஸ்தானிகூட அவரை 'சுபேதார் சாப்' என்றுதான் கூப்பிடுவான். அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்தார். அதற்கு மேல் விசா புதுப்பிக்க ஆண்டுக்கொரு முறை மேலாளர் தனியாகக் கையெழுத்துப் போட வேண்டும். மகள் நர்சிங் முடிக்கிறவரை இருந்துவிட்டுப் போய்விடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவரிடம் பேச்சு குறைவு. மேசைக்கு வந்து நிற்பார். நாம் செய்வதைப் பார்ப்பார். சரியாக இருந்தால் போய்விடுவார். தவறாக இருந்தால் நிற்பார். நின்றுகொண்டே இருப்பார். என்ன தவறு என்று நாமாகக் கண்டுபிடிக்கும் வரை அவருடைய நிழல் மேசையில் விழுந்து கிடக்கும். திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

அப்போதுதான் கைத்துப்பாக்கிக்கு ரெட் டாட் வரத் தொடங்கியிருந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். துப்பாக்கியின் மேலே தபால்தலை அளவுக்கு ஒரு சிறு கண்ணாடி ஜன்னல், அதைத்தான் சைட் என்போம். அதன் வழியே பார்த்தால் ஒரு சிவப்புப் புள்ளி மிதக்கும். புள்ளியைக் குறியின் மேல் வைத்துச் சுட வேண்டியதுதான். முன்பு பின்னால் ஓர் இரும்பு, முன்னால் ஓர் இரும்பு, தூரத்தில் குறி என்று மூன்றையும் ஒரே கோட்டில் வைத்துக் கண்ணைச் சுருக்க வேண்டும். இப்போதெல்லாம் கம்பெனியிலேயே இதற்கென்று மேற்பகுதியைச் செதுக்கி அனுப்புகிறார்கள்.

சுபேதாருக்கு அது பிடிக்கவில்லை. முதல் பெட்டியைப் பிரித்து, பேட்டரி போட்டு, புள்ளியைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார்.

"இது இன்னா, துப்பாக்கியா, கல்யாண வூட்டு சீரியல் செட்டா?"

ஆனால் பிடிக்காத வேலையையும் பிடித்த வேலையைப் போலவே செய்ய வைப்பார். மாட்டுவதற்கு ஒரு முறை வைத்திருந்தார், அதில் எள்ளளவும் மாறக் கூடாது. முதலில் தோட்டா அடுக்கிய மேகசினை எடுக்க வேண்டும். ஸ்லைடை, அதாவது மேலே முன்னும் பின்னும் ஓடுகிற பாகத்தை, இழுத்துப் பிடித்துக் குண்டு உட்காரும் குழியைப் பார்க்க வேண்டும். பார்த்தால் மட்டும் போதாது, சுண்டுவிரலை விட்டுத் தொட வேண்டும். "கண்ணு பொய் சொல்லும், வெரலு சொல்லாது" என்பார். பிறகு ஸ்லைடைத் தனியே கழற்றி, மேலே இருக்கும் மூடித் தகட்டை எடுத்து, ஸ்க்ரூ இறங்கும் துளைகளில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். சைட்டோடு வரும் ஸ்க்ரூக்களில் நீளமானது எது, குட்டையானது எது என்று பிரிக்க வேண்டும். நீளமானது வலதுபக்கத் துளையில் இறங்கிவிட்டால், சுட்ட தோட்டாவின் கூட்டை இழுத்து வெளியே தள்ளுகிற பாகத்தைப் போய் முட்டும். அப்புறம் துப்பாக்கி வாயில் கொழுக்கட்டை வைத்ததுபோல் விக்கும்.

ஸ்க்ரூவின் மரையில் நீலப் பசை, ஒரு பொட்டு. முறுக்குவதற்கு அளவு வைத்த ஸ்க்ரூ டிரைவர். சொன்ன அளவு வந்ததும் டக்கென்று விட்டுவிடும். டக் கேட்ட பிறகு ஒரு மயிரிழைகூடத் திருப்பக் கூடாது. இடதில் கொஞ்சம், வலதில் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். கடைசியில் ஸ்க்ரூவின் தலையிலிருந்து சைட்டின் உடம்பு வரை வெள்ளை மையால் ஒரு கோடு. ஸ்க்ரூ தளர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். பசை காய ஒரு நாள். மறுநாள் ரேஞ்சில், அதாவது சுடுகிற திடலில், மணல் மூட்டையின் மேல் வைத்துச் சுட்டு, குண்டு விழும் இடத்துக்குப் புள்ளியை நகர்த்தி ஒத்துப்போக வைக்க வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் துப்பாக்கி சுபேதாரின் மேசைக்குப் போகும். அவர் கோட்டைப் பார்ப்பார், சைட்டின் ஜன்னல் வழியே ஒரு தரம் பார்ப்பார், "தீக் ஹை", சரி என்பார். அதற்குப் பிறகுதான் அது அறையை விட்டு வெளியே போகும். அவர் கண் பட்டால் கலாஸ், முடிந்தது, அதற்கு மேல் அப்பீல் கிடையாது. மேலாளருக்கே அதுதான் சட்டம்.

இப்படிப் பல துப்பாக்கிகள் போயின. ஒரு புகாரும் இல்லை. அப்போதுதான் கர்னல் வந்தார்.

அந்த நாட்டு ராணுவத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். கிளப்பின் பழைய உறுப்பினர். நல்ல மனிதர், எங்களிடம் உடைந்த இந்தியில் பேசுவார், பேரீச்சம்பழம் கொண்டுவந்து கொடுப்பார். ஆனால் யாரும் அவரிடம் 'இல்லை' என்று சொல்லிப் பார்த்ததில்லை. அவருடைய துப்பாக்கிக்கு நான்தான் ரெட் டாட் மாட்டினேன். எடுத்துக்கொண்டு ரேஞ்சுக்குப் போனவர் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார்.

"சேவியர் பாய், யே டாட் மாஃபி. யே ரூபியான்!"

அங்கே மாஃபி என்றால் இல்லை, ரூபியான் என்றால் இறால். புள்ளி வட்டமாக இல்லை, வால் முளைத்து வளைந்து இறால் மாதிரி இருக்கிறது என்கிறார். நான் வாங்கிப் பார்த்தேன். எனக்கு வட்டமாகத்தான் இருந்தது. கடற்கரையில் பிறந்தவனுக்கு இறால் தெரியாமல் போகாது. இருந்தாலும் கர்னல் சொல்கிறார், சுபேதாரிடம் கொண்டுபோனேன். அவர் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"ஆமா, வால் கீது" என்றார்.

"எனக்கு வட்டமாத்தான் தெரியுது, சார்."

"உனக்கு அப்டித்தான் தெரியும். நீதானே மாட்டினே."

அதற்கு அவர் ஒரு காரணமும் வைத்திருந்தார். நான் அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறேன், அதனால் சைட்டின் உடம்பு முறுகிக் கண்ணாடி கோணிவிட்டது. கேட்கிறவர்களுக்கு நியாயமாகத்தான் பட்டது. மேலாளர் எனக்கு முதல் வார்னிங் கொடுத்தார். அவர் லெபனான்காரர், குரலை உயர்த்தவே மாட்டார். டீ வேண்டுமா என்று கேட்கிற அதே குரலில்தான் ஆளை ஊருக்கும் அனுப்புவார்.

புதுச் சைட் வந்தது. சுபேதார் பக்கத்தில் நிற்க, முறை பிசகாமல் மாட்டினேன். டக் சத்தத்தை அவரும் கேட்டார். கர்னல் வந்தார், பார்த்தார், "ரூபியான்" என்றார். சுபேதார் பார்த்தார், "வால் கீது" என்றார். இரண்டாவது வார்னிங். நான் பக்கத்தில் இருந்த பாகிஸ்தானியிடம் காட்டினேன். அவன் சைட்டின் ஜன்னலைப் பார்த்தான், சுபேதாரைப் பார்த்தான், "பாய், எனக்கு இதெல்லாம் தெரியாது" என்று போய்விட்டான். அவனுக்கும் வீடு வாசல் இருக்கிறது.

மூன்றாவது சைட்டிலும் வால் முளைத்தது. அடுத்த வார்னிங் என்றால் ஊருக்கு டிக்கெட் என்று எல்லோருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கர்னலை வைத்துக்கொண்டு பேசலாம் என்றார் மேலாளர், டீ குரலில்.

அதற்குள் சைட்டை விற்ற கடைக்காரர், குறையைப் படம் எடுத்து அனுப்பினால்தான் திரும்ப எடுத்துக்கொள்வேன் என்றார். வியாழக்கிழமை எல்லோரும் போன பிறகு, துப்பாக்கியை ரப்பர் வைத்த பட்டறைப் பிடியில் பொருத்தி, ஜன்னலுக்குப் பின்னால் போனைப் பிடித்துப் படம் எடுத்தேன். வட்டம். வெளிச்சத்தைக் குறைத்து எடுத்தேன். வட்டம். பக்கவாட்டில், மேலிருந்து, கீழிருந்து எல்லாம் எடுத்தேன். அச்சடித்த மாதிரி வட்டம். திருப்பி அனுப்புவதற்காக வைத்திருந்த முதல் இரண்டு சைட்டுகளும் பெட்டியில்தான் கிடந்தன. அவற்றுக்கும் பேட்டரி போட்டு எடுத்தேன். எல்லாமே வட்டம்.

போனுக்கு யார் கர்னல், யார் சுபேதார் என்று தெரியாது. அதனால் உள்ளதைச் சொல்லிவிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பழுது சைட்டில் இல்லை, இரண்டு பேருடைய கண்ணிலும் இருக்கிறது. இதுவரை எந்தத் துப்பாக்கிக்கும் சுபேதார் ஏன் வாலைச் சொல்லவில்லை என்பதும் புரிந்தது. அவர் பார்த்த முதல் ரெட் டாட்டிலேயே வால் இருந்திருக்கிறது. இந்தச் சீரியல் செட்டே இப்படித்தான் போல என்று விட்டிருக்கிறார். கர்னல் வந்து குறை என்று சொன்ன பிறகுதான் அவருக்கும் அது குறையாகப்பட்டிருக்கிறது.

படங்களை மேலாளருக்கு அனுப்பினால் நான் தப்பிப்பேன். ஆனால் அறையிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு துப்பாக்கியையும் கடைசியாகப் பார்க்கிற கண் சுபேதாருடையது. அந்தக் கண்ணுக்குப் பார்வை சரியில்லை என்றால் அந்த நாற்காலியே கிடையாது, அறுபதை நெருங்கியவருக்கு வேறு நாற்காலியும் கிடைக்காது. அனுப்பாவிட்டால் நான் ஊருக்குப் போக வேண்டும்.

முவைலாப் பகுதியில் என் ரூமில் படுத்துக்கொண்டு அந்தப் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமைப் பூசையில் சாமியார் என்ன பிரசங்கம் செய்தார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எனக்குக் கோபம்தான் வந்தது. சுபேதார் மேல் கோபம், கர்னல் மேல் கோபம், என் நல்ல கண்ணின் மேலும் கோபம். எனக்கும் ஒரு வால் தெரிந்திருந்தால் மூன்று பேருமாகச் சேர்ந்து கடைக்காரனைத் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்போம்.

சனிக்கிழமை காலையில் நேரே சுபேதாரின் மேசைக்குப் போய்ப் போனை வைத்தேன்.

"என்ன இது?"

"அந்தச் சைட்டுதான் சார். மூணும் எடுத்தேன். நீங்களே பாருங்க."

அவர் படிக்கிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என்னைத் திட்டவில்லை. எழுந்து கர்னலின் துப்பாக்கியை எடுத்தார். மேகசினை எடுத்தார், ஸ்லைடை இழுத்தார், குழியில் சுண்டுவிரலை விட்டுத் தொட்டார். மூலையில் மணல் நிரப்பி வைத்திருக்கும் பீப்பாயை நோக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பிறகு நான் யோசிக்காத ஒன்றைச் செய்தார். துப்பாக்கியை மெல்ல வலதுபக்கம் படுக்கவைத்தார். திரும்ப நிமிர்த்தி இடதுபக்கம் படுக்கவைத்தார்.

"வால் சைட்டோடதுன்னா, சைட்டைத் திருப்பினா வாலும் திரும்பணும்" என்றார், எனக்குச் சொல்வதுபோல் இல்லாமல். "திரும்பல."

பிறகு துப்பாக்கியை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, தலையை மட்டும் தோளின் பக்கம் சாய்த்தார்.

"இப்போ திரும்புது."

மறுபக்கமும் சாய்த்துப் பார்த்தார். ஒரு பழுதை உறுதி செய்யாமல் விடமாட்டார், அது தன்னுடைய பழுதாக இருந்தாலும். துப்பாக்கியைத் துணியின் மேல் வைத்தார். மேசையில் அவருடைய நிழல் விழுந்து கிடந்தது. அவரும் நின்றுகொண்டே இருந்தார். அந்த மேசைக்கு முன்னால் நான் எத்தனையோ தடவை வியர்த்திருக்கிறேன், அன்றைக்கு அவருக்கு வியர்த்தது. எனக்கு அழுகை வந்தது. போனைக் காட்டாமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தேன்.

"சைட்டு நல்லா கீது. யார் யாருக்குக் காட்டினே?"

"உங்களுக்கு மட்டும்தான் சார். நீங்க சொன்னா அழிச்சிருதேன்."

"அழிச்சிட்டு?"

போனை என் பக்கம் தள்ளினார்.

"அழிச்சிட்டு நீ ஊருக்குப் போவே. நான் இங்க குந்திக்கினு வாலு வாலுன்னு சொல்லிக்கினு இருக்கணும். போய் வேலையைப் பாரு."

ஞாயிற்றுக்கிழமை மேலாளர் அறையில் கர்னல் சோபாவில் உட்கார்ந்திருந்தார். நான் கதவோரம் நின்றேன். மேலாளர் என் பெயரைச் சொல்லி வாயைத் திறப்பதற்குள் சுபேதார் இரண்டடி முன்னால் வந்து, பட்டாளத்தில் நிற்பதுபோல விறைத்து நின்று, கர்னலைப் பார்த்து இந்தியில் சொன்னார்.

"சாப், மூன்று சைட்டும் நல்ல சைட். சேவியர் சரியாகத்தான் மாட்டினான். பார்த்துச் சொன்னது நான். என் கண் கெட்டுப்போயிருக்கிறது."

கர்னலுக்கு முதலில் புரியவில்லை.

"உன் கண் கெட்டது சரி. எனக்கும் ரூபியான்தானே தெரிகிறது?"

சுபேதார் துப்பாக்கியைச் சோதித்து அவர் கையில் கொடுத்தார். "சாப், சுவரைப் பார்த்துப் பிடித்து, அப்படியே படுக்கவையுங்கள்."

கர்னல் படுக்கவைத்தார். நிமிர்த்தினார். யாரும் சொல்லாமலே அவரும் தலையைச் சாய்த்துப் பார்த்தார். அப்புறம் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு எழுந்தார். "என் கண்ணுக்கு ஒன்றுமில்லை" என்று யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு வெளியே போனார். மேலாளர் அவருக்குப் பின்னாலேயே ஓடினார்.

எனக்கு மூன்றாவது வார்னிங் வரவில்லை. முதல் இரண்டையும் ரத்து செய்தார்கள். சுபேதாரைக் கண் டாக்டரிடம் அனுப்பினார்கள். ஒரு கண்ணில் புரை, இன்னொன்றிலும் ஆரம்பம். ஊருக்குப் போய் ஆபரேஷன் செய்துகொண்டால் பார்வை திரும்பிவிடும் என்றார் டாக்டர். பார்வை திரும்பலாம், விசா திரும்பாது. மேலாளர் டீ குரலில் அதைச் சொன்னார். மகளின் படிப்பு முடியாமலே அவர் கிளம்பினார். விமான நிலையத்துக்கு நான்தான் கொண்டுபோய்விட்டேன். இறங்கும்போது, "அந்த வலதுபக்க ஸ்க்ரூ ஞாபகம் இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார்.

அவருடைய நாற்காலியை எனக்குக் கொடுத்தார்கள். பதவி உயர்வு என்று ரூமில் பிரியாணி கேட்டார்கள், வாங்கிக் கொடுத்தேன்.

சில மாதம் கழித்துக் கர்னல் வந்தார். மூக்கில் புதுக் கண்ணாடி. அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பார்க்கவில்லை. துப்பாக்கியை வாங்கிக்கொண்டு ரேஞ்சுக்குப் போனார். திரும்பி வந்து மேசையில் வைத்தபோது முகம் மலர்ந்திருந்தது.

"வட்டம்" என்றார். பிறகு சுற்றிலும் பார்த்தார். "சுபேதார் எங்கே?"

சொன்னேன். புரை, ஆபரேஷன், விசா எல்லாம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் தன் வெள்ளை அங்கியின் ஓரத்தில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"தன் கண் சரி, என் கண்தான் பழுது என்று அவர் சொல்லியிருக்கலாமே" என்றார். "நான்கு பேர் முன்னால் அதை ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன். ஆனால் அவர் இங்கேயே இருந்திருப்பார்."

சுபேதாரின் நம்பரைக் கேட்டார், அங்கேயே நின்று என் போனில் கூப்பிடச் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டேன். இரண்டு ஓய்வு பெற்ற பட்டாளத்துக்காரர்களும் உடைந்த இந்தியில் ஒருவருக்கொருவர் கண் நலம் விசாரித்தார்கள். புள்ளி எப்படி என்று சுபேதார் கேட்டார். வட்டம் என்றார் கர்னல். உங்கள் கண் எப்படி என்று கர்னல் கேட்டார். ஆபரேஷன் நல்லபடியாக ஆயிற்று என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. சேவியர் இருக்கிறானா என்று சுபேதார் கேட்டார்.

"சார், சேவியர்தான் பேசுதேன். கண்ணு நல்லாத் தெரியுதா?"

"சூப்பரா தெரியுதுபா. தெருமுனையில வர்ற பஸ் நம்பர்கூட தெரியுது." என்றார். "பாக்கறதுக்குத்தான் ஒண்ணும் இல்ல."

அவர் தமிழில் பேசியதால் கர்னலுக்குப் புரியவில்லை. என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டார்.

"நல்லா இருக்கிறாராம்" என்றேன்.